காகிதப் பூ வாங்கிய அணி

விடியும் முன்பே சம்மட்டியைத் தூக்கிவிட்டோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. எண்ணெய் வாடையும் பஞ்சுத் தூசும் அடைத்த பழைய கூடத்தில், பாவாடைப் பருவம் தாண்டிய நாளிலிருந்து நான் நூல் நூற்ற கதிர்களை நானே அடித்து நொறுக்கினேன். முதல் அடிக்குக் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. எந்த வேலைதான் பழகாது?

நாட்டில் நூல் மில்கள் பெருத்துவிட்டனவாம். தெற்கே தனியார்கள் மலிவாக நூற்கிறார்களாம். பழைய கதிர்களை உடைத்தால் அரசாங்கம் மில்லுக்குப் பணம் தருமாம். மேலிடத்து உத்தரவு. பழைய கூடத்தில் பாதியை உடைத்தால் மீதி பிழைக்கும், ஆட்களும் பிழைப்பார்கள் என்று ஹோவ் மேனேஜர் ஒலிபெருக்கியில் சொன்னார். நம்பினோம்.

எங்கள் மில்லில் எதற்கும் போட்டிதான். கூடம் பெருக்கக்கூடப் போட்டி வைப்பார்கள். முந்தும் அணிக்கு மார்பில் குத்தச் சிவப்புக் காகிதப் பூ. பூ வாங்கியவளை வீட்டுக்கு அனுப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் உடைப்பதற்கும் போட்டி என்றதும் என் அணி பேய் பிடித்ததுபோல் உடைத்தது. அடுத்த வரிசையின் தலைவி யான்ச்சிங்குக்கு அது பொறுக்கவில்லை.

"மெதுவா அடிங்கடி, அது உங்க மாமியார் இல்ல" என்றாள்.

சிரித்துக்கொண்டே அடித்தோம். பூ எங்களுக்கு வந்தது. அவள் வரிசை பாதி உடையாமல் நின்றது.

வீட்டில் பூவைப் பார்த்துச் சிரித்த என் கணவர் பாவ்ஷான், சிரிப்பு முடியுமுன் இருமத் தொடங்கினார். பஞ்சுக் கிடங்கில் உழைத்த மனிதர், நெஞ்செல்லாம் தூசு. குளிர் ஏறினால் தாங்காது என்று மில் டாக்டர் சொல்லியிருந்தார். குடியிருப்புக்குச் சூடு மில் பாய்லரிலிருந்து குழாய் வழியாக வரும். குளிர்காலம் முழுக்க அந்தக் குழாயில் முதுகைச் சாய்த்தபடிதான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால் ஹோவ் எங்களை முற்றத்தில் கூட்டினார். இதுவரை அரசாங்க மில், இனிமேல் பங்கு நிறுவனம். பெரும்பங்கு அவருடையது. நிறுவனம் நூல் மட்டும் நூற்கும். வீடுகளுக்குச் சூடு கொடுப்பது அதன் வேலையல்ல. பழைய பாய்லரை விற்றாகிவிட்டது, கழற்றிப் போக ஆட்கள் வருவார்கள். கொஞ்சம் பேர் "பணியிலிருந்து இறங்கிக்கொள்ள" வேண்டும். வேலைநீக்கம் என்ற சொல் மறந்தும் அவர் வாயில் வரவில்லை.

இறங்கவேண்டியவர்களில் பூ வாங்கிய அணி முழுவதும் இருந்தது. நான் நேரே அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு காலத்தில் எங்கள் கூடத்தில் ஃபிட்டராக இருந்தவர்தான். என் சாப்பாட்டு டப்பாவில் கைவைத்துத் தின்ற ஆள்.

"உங்க மெஷினே இல்லையே அக்கா, எதுல வேலை தர்றது?" என்றார், ரொம்ப மரியாதையாக.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பூவும் குத்திக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

"மில்ல யாருகிட்ட வாங்குனே?"

"நகராட்சிகிட்ட. எல்லாம் சட்டப்படிதான்."

"தொழிலாளிதான் இந்த மில்லுக்கு முதலாளின்னு அந்தச் சுவத்துல எழுதியிருக்கே. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

ஹோவ் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "அந்தச் சுவத்தையும் சேத்துத்தான் அக்கா வாங்கியிருக்கேன்."

நகராட்சிக்குப் போனோம். மில்லைக் கேள் என்றார்கள். மில்லைக் கேட்டால் நகராட்சி என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஹோவின் மைத்துனர். அவருக்கு அன்று பார்த்து உடம்பு சரியில்லை.

மறுநாள் காலை குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்புகூட இல்லை. பாவ்ஷான் எல்லாப் போர்வையும் போர்த்திக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினார். போகாதே என்றுகூடச் சொல்ல அவரால் முடியவில்லை. பாய்லர் அறைக்கு ஓடினேன். கழற்ற வரும் ஆட்களின் லாரி இன்னும் வந்திருக்கவில்லை. உடைந்த கதிர்களைப் போல இதுவும் போகட்டும் என்று விட எனக்கு மனம் ஒப்பவில்லை. கதவருகே உட்கார்ந்தேன். என் அணிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேச என்ன இருக்கிறது? எல்லார் வீட்டுக் குழாயும் ஒரே பாய்லரில்தானே போய் முடிகிறது.

கடைசியாக யான்ச்சிங் வந்தாள், தோளில் கரி அள்ளும் மண்வாரியோடு, பின்னால் அவள் வரிசை. அவர்களுக்கு மில்லில் இன்னும் வேலை இருந்தது.

"நீ எதுக்குடி வந்தே? உன் பேரும் போயிடும்" என்றேன்.

"போனாப் போகட்டும். போன தடவ உடைக்கிறதுல ஜெயிச்சுட்டே. மூட்டறதுல ஜெயி பாப்போம்."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு அடுப்பை மூட்டினோம். லாரி வந்து நின்றது. சற்று நேரத்தில் போலீஸ் வண்டியும் வந்தது. ஹோவ் கதவைத் தட்டி, அக்கா, அக்கா என்று கூப்பிட்டார். பிறகு என் முழுப்பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்.

மூலையில் கிடந்த நிலக்கரிக் குவியல் சின்னது. இன்னும் எத்தனை நாள் வரும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பாவ்ஷானின் முதுகுக்கு இந்நேரம் சூடு எட்டியிருக்கும். யான்ச்சிங் மூச்சிரைக்க மண்வாரியை நீட்டினாள். என் முறை. வாங்கிக்கொண்டேன்.