ஐந்திலிருந்து ஒன்றுக்கு

நிக்கலஸ் முதலாளியை உயிரோடு வீட்டுக்கு விடுவதற்கு இராணுவ முகாமில் கேட்ட விலை ஐந்து ஆள்.

எண்பத்தாறாம் ஆண்டு திருகோணமலையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், அப்போது அடிக்கடி சுற்றிவளைப்பு நடக்கும். ஆண்களையெல்லாம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையாக நடத்துவார்கள். ஜீப்புக்குள் ஒருவனைச் சாக்கால் மூடி இருத்தியிருப்பார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசையில் வருகிற ஒருவனைப் பார்த்து அந்தச் சாக்கு மேலும் கீழும் அசைந்தால் அவன் லொறியில் ஏற வேண்டியதுதான். ஏறியவன் இறங்கியதைக் கண்டவர்கள் குறைவு. சாக்குக்குள் இருப்பவனுக்கு ஊர் வைத்த பேர் தலையாட்டி.

நிக்கலஸ் தலையாட்டுகிற ஆள் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற தெருவில் கயிறு, வலை, நங்கூரம், வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்ற் எல்லாம் விற்கிற கடை அவருடையது. எந்த விலைக்கும் முதலில் இடம்வலமாகத்தான் தலையை ஆட்டுவார். வாங்குகிறவன் கோபித்துக்கொண்டு வாசல் வரை போவான், திரும்பி வருவான், தேத்தண்ணி வரும், பேரம் தொடரும். கொள்விலையை மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டார். "அதைச் சொல்ல வெளிக்கிட்டால் பொய் சொல்ல வேணும். பிறகு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க ஏலாது" என்பார். வியாபாரி ஒருவனிடம் இவ்வளவு பக்தியைத்தான் ஆண்டவரும் எதிர்பார்த்திருப்பார்.

இறக்கக்கண்டிப் பக்கம் பிடிபட்ட ஒரு வள்ளத்தில் ஆயுதம் இருந்தது. ஆயுதத்தைக் கட்டியிருந்த நைலோன் கயிறு நிக்கலஸின் கடைக் கயிறு. ஆட்கள் ஓடிவிட்டார்கள், கயிறு மாட்டிக்கொண்டது. கயிற்றுக்குப் பதிலாக முதலாளி உள்ளே போனார்.

இரண்டு கிழமை அடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒருநாள் காலையில் கப்டனின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். அடியை விடத் தேத்தண்ணிதான் நிக்கலஸைப் பயப்படுத்தியது. கடையில் அவர் தேத்தண்ணி கொடுப்பது எப்போது என்று அவருக்குத் தெரியும்.

"முதலாளி, நாளைக்கு வந்து அஞ்சு ஆள் காட்டு. அதோட வீட்டுக்குப் போ" என்றார் கப்டன். அவருக்குத் தமிழ் அளவாகத் தெரியும், தேவையான அளவு.

நிக்கலஸின் புத்தி வாயைத் திறக்க முதலே வாய் தானாகத் திறந்தது. இருபத்தைந்து வருசப் பழக்கம்.

"அஞ்சு எண்டது விலை கூட, ஐயா."

"கூடவா?"

"கடைக்கு நூறு பேர் வருவினம். எல்லார்ரை முகமும் எனக்கு எங்க நினைவிருக்கு? அஞ்சுக்கு நான் எங்க போறது?"

"சரி, நாலு."

"ஐயா யோசிச்சுப் பாருங்கோ. நாலு பேரைக் காட்டினால் அதில மூண்டு பேர் சும்மா ஆக்களாய் இருப்பினம். உங்களுக்கும் வீணாய்ச் சோத்துச் செலவு."

கப்டன் சிரித்துவிட்டார். "பொல்லாத ஆள் நீ. ரெண்டு. கடைசி விலை."

நிக்கலஸ் கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப சரிவராது ஐயா. நான் உள்ளுக்கையே போய் இருக்கிறன்." வாசல் வரை நடந்தார். பின்னாலிருந்து குரல் வரும் என்று அவருக்குத் தெரியும். வந்தது.

"ஏய் முதலாளி! சரி, ஒண்டு. ஒரு ஆள்."

கப்டன் கையை நீட்டினார். நிக்கலஸ் போய்க் கை கொடுத்தார். நல்ல வியாபாரம் முடிந்தால் அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி வருமே, அது வந்தது.

வந்த பிறகுதான் அவருக்கு விறைத்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், கப்டன் விடவில்லை. கயிற்றுக்குப் பேசுவதுபோலப் பேசி, மனுசனை ஐந்திலிருந்து ஒன்றுக்குக் கொண்டு வந்திருக்கிறார். குறைத்ததற்குச் சந்தோசமும் பட்டிருக்கிறார். விலை பேசி முடித்துக் கை கொடுத்தவன் சாமானைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தத் தெரு முழுவதற்கும் சட்டம். முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய வாய், கூட என்று சொல்லிவிட்டது. கூட என்று சொன்னவன் விற்கச் சம்மதித்தவன்.

கப்டன் கையை விடாமலே ஒரு சங்கதி சொன்னார், சாமானோடு சும்மா சேர்த்துக் கொடுக்கிற கயிற்றுத் துண்டு மாதிரி. "உன்னைக் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? உன் மனுசியின் அண்ணன். கிறிஸ்தோபர்."

கிறிஸ்தோபர் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். அவருடைய இரண்டாவது மகளுக்கு நிக்கலஸ்தான் ஞானத்தகப்பன். நிக்கலஸ் நம்பவில்லை. விற்க வந்தவன் எதையும் சொல்வான். ஆனாலும் அந்தப் பேர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

அன்று பின்னேரம் மனைவி எல்சியை ஒரு நிமிசம் பார்க்க விட்டார்கள். அவள் தினமும் சோற்றுப் பார்சலோடு வந்து கேற்றடியில் நிற்கிறவள். கணவனின் வீங்கிய முகத்தைக் கண்டதும் பார்சல் கையிலிருந்து விழுந்தது.

"இஞ்சருங்கோ, அவங்கள் கேக்கிறதைச் சொல்லிப்போட்டு வாங்கோ."

"என்ன கேக்கிறாங்கள் எண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியும். கப்டன் சொன்னவர். ஒரு ஆள்தானாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாவசங்கீர்த்தனம் இருக்குத்தானே. செய்துபோட்டுச் சொன்னால் ஆண்டவர் மன்னிப்பார். எனக்கு நீங்கள் வேணும்."

திருமணம் முடித்த நாளிலிருந்து, ஒரு சாமானின் நிறையில் அரைக்கால் குறைந்தாலும் பாவம் என்று அவரோடு சண்டை பிடித்தவள் எல்சி. அந்த எல்சி பாவத்தைக் கடனுக்கு வாங்கச் சொல்லுகிறாள். நிக்கலஸுக்கு அடியில் வராத அழுகை அப்போது வந்தது.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட மைதானம். ஜீப்பில் ஏற்றிச் சாக்கைப் போட்டார்கள். செத்தல் மிளகாய் வந்த சாக்கு. உதறாமல் போட்டுவிட்டார்கள்.

முதலாவதாக வந்தவர் சோமசேகரம், தபால்கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர், எழுபது வயது. அவர் ஜீப்புக்கு முன்னால் வரவும் நிக்கலஸின் மூக்குக்குள் மிளகாய் ஏறவும் சரியாக இருந்தது. பல்லைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். ஏலவில்லை. பெரிய தும்மல் ஒன்று தலையை நெஞ்சு வரைக்கும் கொண்டுபோய் மேலே எடுத்தது.

இரண்டு பேர் பாய்ந்து கிழவரின் கையைப் பின்னால் முறுக்கினார்கள். "ஐயோ தம்பி, நான் என்ன செய்தனான்!"

"தும்மல்! ஐயா, அது தும்மல்!" சாக்குக்குள்ளிருந்து நிக்கலஸ் கத்தினார். "மிளகாய்ச் சாக்கு ஐயா! அவரை விடுங்கோ!"

கப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். கிழவரை விட்டார்கள். ஆனால் மைதானத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கயிறு வாங்கிய ஒவ்வொருவனுக்கும் பழக்கமான குரல் அது. சாக்கு அப்படியே இருக்க, அதற்குள் இருப்பது யாரென்று வரிசை முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு முகமும் ஓட்டைக்கு நேரே வரும்போது இவரைப் பார்த்தது. நிக்கலஸ் தலையை இடமும் வலமும் ஆட்டினார், தெரியாது, தெரியாது என்று. பாதிப் பேரைத் தெரியும். கடனுக்கு வாங்கிவிட்டுத் தெருவை மாற்றி நடக்கிறவர்களும் வந்தார்கள்.

பிறகு யோகலிங்கம் வந்தான். வள்ளத்தில் பிடிபட்ட அந்தக் கயிற்றை வாங்கியவன். பிஸ்டலைக் கடை மேசையில் வைத்துவிட்டு விலை குறைக்கச் சொன்ன ஒரே வாடிக்கையாளன். அப்போதும் நிக்கலஸ் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைக்கவில்லை. இப்போது மடித்துக் கட்டிய சாரத்தோடு, வெறும் கையோடு நிற்கிறான். உதடு காய்ந்திருக்கிறது.

இங்கே தலையாட்டினால் பொய் இல்லை. கப்டனுக்குச் சாமான், எல்சிக்குப் புருசன். பத்துக் கட்டளையில் ஒன்றும் உடையாது. உண்மைதான், ஆனால் விலைக்குச் சொல்கிற உண்மை. அவர் கழுத்து விறைத்தது. ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.

"என்ன முதலாளி?" என்றார் கப்டன்.

சாக்கு அசையவில்லை. யோகலிங்கத்தைப் பின்னாலிருந்தவன் தள்ளினான். அவன் நகர்ந்து போனான். செய்தது சரியா என்று நிக்கலஸுக்குத் தெரியவில்லை. அந்தப் பொடியன் நாளைக்கு எங்கே குண்டு வைப்பானோ, அதில் யாருடைய பிள்ளை போகுமோ.

வரிசை முடியப் போகிற நேரம் கிறிஸ்தோபர் வந்தார். ஜீப்புக்கு முன்னால் வந்ததும் கால் மடிந்தது. சாரம் நனைந்து நிலத்தில் சொட்டியது.

"மச்சான்!" மைதானம் முழுவதும் கேட்கக் கத்தினார். "நான்தான் மச்சான் சொன்னனான். கயிறு உன்ரை கடைக் கயிறு எண்டு நான்தான் சொன்னனான். பெட்டைப் பிள்ளைகளைத் தூக்குவம் எண்டு வெருட்டினவங்கள். ஆட்டிப்போடாதை மச்சான்!"

கப்டன் பொய் சொல்லவில்லை. முழு உலகத்திலும் அன்று பொய் சொல்லாத ஆள் அந்தக் கப்டன் ஒருவர்தான் என்பதுபோல இருந்தது. இரண்டு கிழமை அடி, உடைந்த விரல், எல்சியின் கையிலிருந்து விழுந்த சோறு எல்லாம் சேர்ந்து நிக்கலஸின் பிடரியில் ஏறி இருந்தன. தலை தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. தும்மல் இல்லை. அவருடைய சொந்தத் தலை. பாதி தூரம் போய்விட்டது. ஆமிக்காரர் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாதி தூரத்தில்தான் அவருக்கு விளங்கியது. ஆட்டினால் யூதாஸ். தெரியாது என்று மறுத்து ஆட்டினால், நெருப்படியில் நின்று ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன சீடர் இராயப்பர். காலையிலிருந்து அவர் இந்த இருவருக்கும் இடையில்தான் குந்தியிருக்கிறார். சாக்குக்குள் மூன்றாவது இடமில்லை.

இரண்டு கையாலும் சாக்கைப் பிடித்து இழுத்து எறிந்தார்.

தலையாட்டி ஒருவன் சாக்கைக் கழற்றியதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. வரிசை அப்படியே விறைத்து நின்றது. துவக்கு வைத்திருந்தவர்களுக்குக்கூடத் துவக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. மிளகாய் எரிந்து சிவந்த கண்ணும் வீங்கிய சொக்கையுமாக நிக்கலஸ் ஜீப்பில் எழும்பி நின்றார்.

"இவர் என்ரை மச்சான். நல்லாய்த் தெரியும். இஞ்ச நிக்கிற கனபேரைத் தெரியும். நான் தெரியாது எண்டு ஆட்டினது பொய். ஆனால் ஒருத்தரையும் தரமாட்டன்."

கப்டனின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஏறி வந்து கன்னத்தில் அறைந்தார். "நேற்று கை கொடுத்தாய்!"

"ஓம் ஐயா. அது என்ரை பிழை." வாயிலிருந்து இரத்தத்தைத் துடைத்தார். "என்ரை கடையில இல்லாத சாமானுக்கு விலை பேசிப்போட்டன். இதெல்லாம் ஆண்டவர்ரை சாமான். நான் விக்க ஏலாது."

கப்டன் நிலத்தில் கிடந்த கிறிஸ்தோபரைப் பார்த்தார். ஊர் முழுவதும் கேட்கத் தன் வேலையைச் சொல்லிக் கத்தியவன் இனி அவருக்கு எதற்கும் உதவ மாட்டான்.

"ரெண்டு பேரையும் ஏத்து" என்றார்.

லொறித் தட்டில் மச்சான்மார் இருவரையும் முதுகோடு முதுகு வைத்துக் கட்டினார்கள். லொறி வெளிக்கிட்டது.

"ஆட்டியிருந்தால் நீ மத்தியானம் எல்சியின்ரை கையால சாப்பிட்டிருப்பாய்" என்றார் கிறிஸ்தோபர்.

"ஓம்."

"நானெண்டால் ஆட்டியிருப்பன் மச்சான்."

"அதுதான் தெரியுமே."

கிறிஸ்தோபர் சிரித்தாரா, அழுதாரா என்று முதுகை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை. முதுகு குலுங்கியது. பிறகு அந்த முதுகு, "என்னை மன்னிப்பியோ?" என்று கேட்டது.

தலையை ஆட்டாமல் இருப்பது வேறு, மன்னிப்பது வேறு. முதலாவதற்கே நிக்கலஸிடம் இருந்த பலமெல்லாம் முடிந்துவிட்டது. "பாப்பம்" என்றார். சற்றுப் பொறுத்து, "பாதி மன்னிச்சாச்சு. மிச்சத்துக்குக் கொஞ்சம் தவணை தா" என்றார்.

முகாமுக்குத் திரும்ப வேண்டிய சந்தி வந்தது. லொறி திரும்பவில்லை. நேரே தம்பலகாமத்துக் காட்டுப் பக்கம் ஓடியது. இருவரும் அதைக் கண்டார்கள். கிறிஸ்தோபர் செபம் சொல்லத் தொடங்கினார், பாதியில் சொல் மறந்துபோயிற்று. நிக்கலஸ் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்றைய கணக்கு இவ்வளவுதான். பேசிய விலை, ஒரு ஆள். கொடுத்தது, ஒருவருமில்லை. மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்தவர்கள், இரண்டு பேர் குறைய எல்லோரும். அந்த இரண்டு பேரும் நிலுவை, ஆண்டவர் பேரில்.