ரேகாவுக்கு வளையல்

என் மகள் ரேகாவின் இரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு ஏழு மாத வயிறு. ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் என் வீட்டில் வளைகாப்பு. அவள் அம்மா உயிரோடு இல்லை, எல்லாம் நான்தான்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை விக்ரம் முகப்பேரிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் தெருவிலேயே சட்டையைப் பிடித்தேன்.

"எங்கடா மேஞ்சிட்டு வந்தே? எம் பொண்ணுக்கு எய்ட்ஸ ஒட்ட வச்சிட்டியேடா!"

ரேகா ஓடிவந்தாள். "அவர வுடு நைனா. எனக்கு நோயே இல்ல. நர்சிங் படிக்கறப்போ ஊசி போட்டுகினேன். எய்ட்ஸுக்குத் தடுப்பூசி கண்டுபுடிக்கிறாங்க. நோயில்லாம நல்லா கீறவங்களுக்குத்தான் போட்டுப் பாக்கணும்."

"கிருமிய ஏத்திகினியா?"

"ஊசில கிருமி கெடையாது. அத மாரி ஒரு துண்டு. ஒடம்பு அத்தோட சண்ட போட ஆளு சேத்து வச்சிகீது. இந்த டெஸ்ட்டு அந்த ஆளப் பாத்துட்டு கத்துது."

"இத ஆஸ்பத்திரிலயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ பக்கத்துல குந்திகினு இருந்தியே, எப்டி சொல்வேன்? கொரோனா ஊசிக்கே பாத்ரூம்ல ஒளிஞ்ச ஆளு."

விக்ரம் சட்டையைச் சரிசெய்தான். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் மாமா."

நான் நம்பவில்லை. ஊசி போட்ட இடத்துக்கே போனோம். கிருமியையே தேடும் வேறு டெஸ்ட் எடுத்து, இல்லை என்றார்கள். அவர்கள் ஊசிக்கு அவர்களே சாட்சியா? வேறோர் இடத்திலும் பார்க்கவைத்தேன். அங்கேயும் இல்லை.

ஆனால் நான் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. ஞாயிறன்று ஒரு பெண்ணும் வரவில்லை. எதிர்வீட்டு சாவித்திரி மட்டும் பழத்தட்டை வாசலில் வைத்துவிட்டு, "வேல கீது" என்று ஓடினாள். ரேகா பட்டுப்புடவையில், வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மனையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

பெண்கள் செய்கிற சடங்கு. அதிலும் நான் பெண்டாட்டியை இழந்தவன். இருக்கட்டும் என்று வளையலை எடுத்தேன். லேத் பட்டறையில் காய்த்த கைக்குக் கண்ணாடி வளையல் என்ன தெரியும்? முதல் வளையலே உடைந்து அவள் மணிக்கட்டைக் கீறியது. இரத்தம் வந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

"நைனா... பயமா இல்ல?"

"எரியுதா?"

இல்லை என்று தலையாட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

"நான் போடட்டுமா மாமா?" என்றான் விக்ரம்.

"நீ அந்தக் கைக்குப் போடு மாப்ளே. மெதுவா. ஒடச்சேன்னா ஒதப்பேன்."