தெலேசியாவின் வெள்ளை ஞாயிறு

"அவள முன்னால நிறுத்தாத, சியேனி. நான் சொல்றேன்ல…"

"நீங்க சொல்லிச் சொல்லித்தான் அண்ணி, அவ வாயே திறக்க மாட்டேங்கறா…"

"நான் சொல்லியா அவளுக்குத் திக்குது? அது உங்க பொறந்த வீட்டு நாக்கு. எங்க வம்சத்துல ஊர்ச்சபையில எழுந்து பேசத் தெரியாதவன் ஒருத்தன் உண்டா?"

"அதுக்குத்தான் இன்னிக்கு நிக்க வைக்கிறேன். யார் வீட்டு நாக்குன்னு ஊரே கேக்கட்டும்."

இத்தனையும் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே. அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய தெலேசியா உள்பாவாடையோடு பாயில் உட்கார்ந்து, அம்மா சியேனியின் வாயையும் அத்தை லோசாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் அப்பா விலியாமு, சுட்ட கற்களின்மேல் பன்றிக்குட்டியைக் கிடத்தி வாழையிலையால் மூடிக்கொண்டிருந்தான். அக்காள் பேசும்போது தம்பி குறுக்கே பேசும் வழக்கம் சவாயித் தீவில் எந்த வீட்டிலும் இல்லை. பெண்டாட்டி பேசும்போது பேசும் வழக்கம் அவன் வீட்டில் இல்லை.

"பாட்டுப் பிள்ளைங்களோட நிக்கட்டுமே. பாடினா அவளுக்குத் திக்கறதில்லையே" என்றாள் லோசா.

"கூட்டத்தோட கூட்டமா வாயசைக்கவா மாசக்கணக்கா வசனம் சொல்லிக் குடுத்தேன்? உங்க பேரன் இயோவானே தனியா நின்னு பேசுவான், என் பிள்ளை பின்னால நிக்கணுமா?"

"அவளையே கேளு. குட்டி, உனக்குச் சொல்லணும்னு இருக்கா?"

தெலேசியா தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு" என்றாள் சியேனி.

"வே… வே… வே…"

"வேண்டாம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கோயில் விட்டுடும்" என்று சிரித்தாள் லோசா.

"வேணும்னு சொல்றா" என்றாள் சியேனி. சட்டையைத் தலை வழியாக மாட்டிவிட்டாள். சூடு இன்னும் ஆறவில்லை.

வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் திருநாள்; ஒவ்வொரு பிள்ளையும் சபைக்கு முன்னால் வேத வசனம் சொல்லும். கோயிலில் அன்றைக்கு முன்வரிசையெல்லாம் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் பின்னால். இயோவானே வந்தான், மூச்சு விடாமல் கொட்டினான், ஓடிப்போய் உட்கார்ந்தான். அடுத்தது தெலேசியா.

முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். ஊர் சிரித்தது. வசனம் மறந்த பிள்ளையைப் பார்த்து வருஷா வருஷம் சிரிக்கிற சிரிப்புத்தான். சின்னதுகள் தாங்களும் சிரித்துக்கொண்டு அம்மா மடிக்கு ஓடும். தெலேசியாவுக்கு வசனம் மறக்கவில்லை. அதனால் ஓடவும் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக, ஒரு ராகத்தில் இழுத்து, வசனத்தைப் பாடத் தொடங்கினாள். தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு வரி. இரண்டாவது வரி. சிரித்தவர்கள் அடங்கிப் போனார்கள். யாரோ ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

"பாடாத!" பின்வரிசையிலிருந்து சியேனியின் குரல். "பேசு!"

பாட்டு அறுந்தது.

போதகர் எழுந்தார். "நல்லாச் சொன்னம்மா. ஆமென். போய் உக்காரு."

"இன்னும் முடியல போதகரே. அவ சொல்லுவா. காத்திருங்க."

காத்திருந்தார்கள். பிள்ளையின் தாடை மட்டும் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் இல்லை. விசிறிகள்கூட நின்றுபோயின.

கடைசியில் எழுந்தவள் லோசா. நேரே முன்னால் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளோ ஊரைப் பார்த்துத் திரும்பி, வசனம் முழுவதையும் தானே சொன்னாள். தன் அப்பன் ஊர்ச்சபையில் பேசுவதுபோல, நிறுத்தி, நிமிர்ந்து, ஒரு சொல் விடாமல். கோயில் கைதட்டியது. பக்கத்தில் நின்ற தெலேசியாவும் தட்டினாள், எல்லாரும் தட்டுகிறார்களே.

வீட்டில் பாய் விரித்துப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். இந்த ஒரு நாள் பெரியவர்கள்தான் பரிமாற வேண்டும். பிள்ளைகள் ஜெபம் சொல்லிச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் வாயில் சோறு. சியேனி மகளுக்கு முன்னால் எல்லாரையும்விடப் பெரிய தட்டாக வைத்தாள். பன்றிக்கறி, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை, ஓரத்தில் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம்.

இயோவானே கைகூப்பி வாயெடுத்தான்.

"நீ இல்லடா. நீ விருந்தாளி. இந்த வீட்டுப் பிள்ளை சொல்லும்."

"சியேனி, விடு" என்றான் விலியாமு. காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஐஸ்கிரீம் உருகுதுடி" என்றாள் லோசா.

"உருகட்டும். இங்க வந்து நீங்க சொல்லிடாதீங்க, அண்ணி. கைதட்ட இங்க ஊர் இல்ல."

மற்றப் பிள்ளைகள் கூப்பிய கையை இறக்கவும் முடியாமல் தட்டையே பார்த்தார்கள். சியேனி மகளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். விசிறியை எடுத்து, தட்டில் மொய்த்த ஈயைப் பொறுமையாக ஓட்டினாள். தெலேசியாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எல்லாருக்கும் பசிக்குது, கண்ணு. பாடாம சொல்லு."