பெய்ரூட்டுக்குப் போன முட்டைகள்

1976ஆம் வருஷம் மாசி மாதம் தொடங்கி, ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லை என்ற ஊரில், செல்லி பொரித்து வைத்த இரண்டு முட்டைகள் தினமும் காலை ஏழரை மணி வாக்கில் தட்டிலிருந்து மறைந்து போயின. பூனை இல்லை, காக்கை இல்லை. அந்த வருஷம் சாமை நன்றாக விளைந்தது, மூன்று வீடுகளுக்கு ஓடு போட்டார்கள், முட்டைகள் மறைந்தன. ஊரில் இதையெல்லாம் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

செல்லியின் புருஷன் தசரதன் வேலூரில் ஓட்டல் அடுப்பில் வேலை பழகியவன். 1973இல் தோல் வியாபாரி ஒருவர் அவனைத் தன் சமையல்காரனாக பெய்ரூட்டுக்குக் கூட்டிப் போனார். அது கடலோரத்து ஊர் என்பதற்கு மேல் மலையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷம் ஒரு கடிதமும் பெரிய பொட்டலமும் வந்தன. பொட்டலத்தில் செங்கல் நிறத்தில் புளிப்பான ஒரு தூள். சுமாக் என்று அதற்குப் பெயராம். அங்கே காலையில் முட்டையை எப்படிப் பொரிக்கிறார்கள் என்று தசரதன் எழுதியிருந்தான். எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். ஓரம் முறுக வேண்டும், மஞ்சள் இளகி நிற்க வேண்டும், திருப்பிப் போடவே கூடாது. மேலே சீரகப்பொடியும் மிளகாய்ப்பொடியும் தூவி, கடைசியில் இந்தத் தூளைத் தூவி, ரொட்டியைப் பிய்த்து மஞ்சளில் தொட்டுத் தின்ன வேண்டும். நீயும் இப்படிச் செய்து தின்னு, ஒரே பண்டத்தைத் தின்றால் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று முடித்திருந்தான்.

1975இல் அங்கே சண்டை மூண்டது. வியாபாரி மட்டும் ஊர் வந்து சேர்ந்தார். துறைமுகத்துக்குப் போகும் வழியில் தசரதன் எங்கே பிரிந்தான் என்று அவருக்கே தெரியவில்லை. ஒடுகத்தூர் டீக்கடை ரேடியோவில் பெய்ரூட் என்ற பேர் வரும்போதெல்லாம் கூடவே செத்தவர்கள் எண்ணிக்கையும் வந்தது. ஒருநாள் காலை செல்லி கேழ்வரகு ரொட்டி தட்டி, இரண்டு முட்டைகளைப் பொரித்து, சுமாக் தூவி, அவனுடைய பூப்போட்ட பீங்கான் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தாள். அழத்தான் உட்கார்ந்தாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. மஞ்சளை ரொட்டியால் வழித்த தடம் மட்டும் வளைந்து கிடந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு சுந்தரம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சுந்தரம்மாள் பார்த்தது இது: முதலில் ஆவி நின்றது, பிறகு முட்டைகள் கண்ணாடி போலாயின, பிறகு தட்டின் அடியில் இருந்த பூ தெரிந்தது. அவள் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"இன்னாடி செல்லி இது?"

"துன்றாரு அக்கா. உசுரோட கீறாரு."

விஷயம் மலையை விட்டு இறங்கியது. படவேட்டிலிருந்தும் கணியம்பாடியிலிருந்தும் ஆட்கள் கற்பூரத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். செல்லி கற்பூரத்தை மட்டும் ஏற்ற விடவில்லை. "இது சாமி காரியம் இல்லீங்க, சோறு" என்றாள்.

1978 சித்திரையில் சுமாக் தீர்ந்தது. அன்றைக்கு முட்டைகள் தட்டிலேயே ஆறிக் கிடந்தன. மறுநாள் எலுமிச்சம்பழம் பிழிந்தாள், அதற்கடுத்த நாள் புளி கரைத்துத் தெளித்தாள். எறும்புதான் வந்தது. தசரதனின் அண்ணன் ரங்கசாமி நல்ல மனுஷன். இரண்டு வருஷமாகத் தன் கோழியிட்ட முட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்தவன். அவனே மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து, தம்பிக்குக் கருமாதி செய்துவிட வேண்டும் என்றான். ஊர்க்கவுண்டர் சிங்காரம் மறுநாளே என்று முடிவு சொன்னார். காலையில் பாறைமேல் சோறு வடித்தார்கள். செல்லியின் தாலியை வாங்கப் பெண்கள் வந்து நின்றார்கள்.

சுமாக் தீர்ந்த அன்றே செல்லி புளியந்தளிரைப் பறித்து வெயிலில் காயப் போட்டிருந்தாள். அது இப்போது சருகாகியிருந்தது. உப்போடு சேர்த்து அதை நுணுக்கினாள். "ஒரு தட்டு மாமா. அதுக்கு மேல நீங்க சொல்றத கேக்குறேன்" என்றாள். குளித்த ஈரத்தோடு ரங்கசாமி ஒதுங்கி நின்றான். முட்டைகள் பொரிந்தன, தூள் விழுந்தது, தட்டு தரைக்கு வந்தது. ஊரே குனிந்து பார்த்தது. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. சிங்காரம் தொண்டையைக் கனைத்தார். அப்போது முட்டையின் ஓரத்தில் ஒரு கடி விழுந்தது. அடுத்தது இன்னும் பெரிதாக. ரொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தட்டு தரையில் கடகடவென்று ஆடியது. ரங்கசாமி முட்டி போட்டு உட்கார்ந்து, "மெதுவா துன்னுடா தம்பி, விக்கிக்கப் போவுது" என்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தட்டருகே நகர்த்தினான். சொம்பில் தண்ணீர் இறங்கியது. கருமாதிக்கு வடித்த சோற்றை ஊரார் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செல்லி கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1982 புரட்டாசியில் தசரதன் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இடிந்த கட்டடம் ஒன்றின் நிலவறையில் ஏழு வருஷம் இருந்தானாம். அங்கே விடிவதற்கு முன்பே அவன் எதிரில் இருந்த தகர மூடியில் முட்டைகள் சூடாக வந்து நிற்குமாம்.

"நடுவுல மூணு நாளு வரல. நீ செத்துட்டேன்னு அழுதேன். நாலாம் நாளு புளிப்பு வேற மாரி இருந்திச்சு. நம்ம புளிய மரம்னு நாக்கு சொல்லிடிச்சு."

செல்லி அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவன் இன்னும் எதையோ சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். கேட்டபோது சொன்னான். நிலவறையில் சல்மா என்று ஒரு வயசான பெண், கால் போனவள். தினமும் பாதி அவளுக்குத்தான். கப்பல் வந்தபோது அவளால் வர முடியவில்லை.

"அந்தம்மாவ அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன் செல்லி."

மறுநாள் காலை செல்லி நான்கு முட்டைகள் பொரித்தாள். இரண்டு தசரதனுக்கு. இரண்டை ஆளில்லாத இடத்தில் வைத்தாள். இருவரும் கையை நனைக்காமல் காத்திருந்தார்கள். ஆளில்லாத தட்டில் முட்டை மெல்ல, பல் இல்லாதவர்கள் தின்பதுபோல, நடுவிலிருந்து கரையத் தொடங்கியது.

அடுத்த வருஷம் அந்தத் தட்டு போதாமல் போனது. வைத்த உடனே, பல சின்னக் கடிகளாக மறைந்தது. நிலவறைக்குப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று ஊருக்குப் புரிந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்து முட்டை கொடுத்தார்கள். 1986இல் தட்டுகள் பதினொன்று. மழை பெய்தாலும், திருவிழா வந்தாலும், சாவு விழுந்தாலும், காலையில் அந்த வேலை முதலில் நடந்தது. ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

1988 தையில் ஒருநாள், காலியான தட்டுகளில் ஒன்று கழுவியிருந்தது. அதன் நடுவில் கருப்பாக ஏழு பழங்கள். தசரதன் ஒன்றைக் கையில் எடுத்து, ஜைத்தூன், அந்த ஊர் ஆலிவ் பழம் என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் வைத்திருந்தான். சுந்தரம்மாள் நாவல்பழம் என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டு, ஒரே உப்பாக இருக்கிறதென்று முகம் சுளித்தாள். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.