கைத்துவக்குக்கு எந்த எண்ணெய்

கிரீஸைத்தான் எடுக்கிறான், எடுக்கட்டும், எனக்கென்ன வந்தது, வாயை மூடிக்கொண்டு இருக்கத்தானே தம்பி தில்லைநாதன் என்னைத் தன் இரும்புச்சாமான் கடையில் இருத்திவிட்டுப் புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போனான்... போகும்போதும் ஒரு புத்திமதி, "அக்கா, ஆமி பொலிஸ் வந்தால் கேட்டதைக் குடுங்கோ, கனக்கக் கதைக்காதேங்கோ" என்று, ஏதோ நான் வழிய வழியப் போய்க் கதைக்கிறவள் மாதிரி. வெள்ளவத்தையில் இந்தத் தொண்ணூற்றேழில் எந்தத் தமிழ்ச் சனம் பொலிஸோடு கனக்கக் கதைக்கிறது? கடற்கரைச் சோதனைச் சாவடிக்குப் புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் இவன், முப்பது வயதுக்கு மேல் இராது, வந்தவுடன் "அக்கே" என்று சிங்களத்தில் கூப்பிட்டான், மேசையில் முகம் துடைக்கிற லேஞ்சியை விரித்தான், தோட்டா மகசினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பிஸ்டலை லேஞ்சியின் மேல் வைத்தான், பிள்ளையை டொக்டருக்குக் காட்டுகிறவன் மாதிரி. இதற்கு நல்ல எண்ணெய் வேண்டுமாம். குருநாகலிலிருந்து அம்மா அனுப்பும் தேங்காயெண்ணெயைத்தான் இவ்வளவு நாளும் போட்டானாம், முதலில் நல்லாய் இருந்ததாம், போன கிழமை சுட்டுப் பழகும்போது இரண்டு தரம் இறுகிவிட்டதாம். அட கோதாரியே, தேங்காயெண்ணெய்! மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் காட்டுகிறான், பலாப்பால் பட்ட கத்தி மாதிரி அரைவாசியில் நிற்கிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக்கூடாது, சிரித்தால் ஏன் சிரித்தாய் என்பான்.

தேங்காயெண்ணெய்க்கு எறும்பு வரும், பிறகு பிசினாகும்... நாங்களும் போட்டுப் பார்த்ததுதானே. எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்த மேல்வீடு, வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம், சாப்பிடப் பாணுக்கு வரிசை, உடுக்கச் சீத்தைக்கு வரிசை, இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த துவக்கெண்ணெயும் நின்றுபோயிற்று. இவர், என் தியாகராசா, சுங்கத்தில் கிளாக்கர், ஆனால் சனிக்கிழமையானால் சுடும் கழகத்துக்கு ஓடுகிற மனுசன், லைசென்ஸோடு ஒரு பிஸ்டல், கழகத்தில் கோப்பையும் வாங்கியவர், எண்ணெய் இல்லை என்று தாய் செத்த முகத்தோடு திரிந்தார். எனக்குத்தான் யோசனை வந்தது. அவர் சவரம் செய்து கழித்த பிளேட்டுகளை ஜன்னல் விளிம்பில் கடற்காற்றுக்கு நேரே அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கு, தையல் மெஷின் எண்ணெய், எஞ்சின் ஒயில், கீழே பேர் எழுதின கடதாசித் துண்டு. காலையில் எழும்பினால் தேத்தண்ணிக்கு முதல் இரண்டு பேரும் ஜன்னலடியில். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தொட்டு இழுத்துப் பார்ப்பேன், சீனிப்பாகுக்குக் கம்பிப்பதம் பார்க்கிற மாதிரி. நல்லெண்ணெய் ஒரு கிழமை பட்டு மாதிரி, மூன்றாம் கிழமை கோந்து. மெஷின் எண்ணெய் மெல்லிசு, வடிந்து போய்ப் பத்தாம் நாள் சிவப்புப் புள்ளி. எஞ்சின் ஒயிலில் துரு வராது, ஆனால் பாரம், இழுவை பிந்தும். மூன்று பங்கு மெஷின் எண்ணெய்க்கு ஒரு பங்கு எஞ்சின் ஒயில், அதை நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான்! "பத்மா, இஞ்ச வாரும், கேளும்" என்று பிஸ்டலின் மேல்பகுதியை இழுத்துவிட்டார், சளக் சளக் என்று என்ன சுத்தமான சத்தம், சாப்பாட்டு மேசையில் துவக்கை வைக்கிற மனுசனைப் ஏச எழும்பியவள் இன்னொரு தரம் இழுக்கச் சொன்னேன். கழகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார், என்ர மனுசியின்ர எண்ணெய் என்று. சிங்களவர், பறங்கியர், ஒரு மலாய்க்காரர், எல்லாரும் வெறும் போத்தலோடு படியேறி வந்தார்கள், மிஸிஸ் தியாகராசா, கொஞ்சம் தாருங்கள் என்று. எவ்வளவு நல்லாய் இருந்தேன் நான் அப்போது.

எண்பத்துமூன்று கலவரத்தோடு அவரே பிஸ்டலைக் கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்தார், வரும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார், இரண்டு வருஷத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பிறகு நான் செய்ததைச் சொன்னால் வெட்கம்... வீடு சோதிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அவர் குறிபார்த்து நிற்கிற படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். முகம் கடைசியாகத்தான் எரிந்தது.

இவன் கிரீஸ் டின்னைத் திறந்து மணந்து பார்க்கிறான். மடையா, கடற்கரை மணலில் நிற்கிறவன் கிரீஸ் பூசினால் மண்ணெல்லாம் அதில்தானே ஒட்டும், தேங்காயெண்ணெயே திறம் என்றாகிவிடும்... சொல்லாதே பத்மாவதி. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? ஒரு தமிழ்க் கிழவிக்குப் பிஸ்டலைப் பற்றி எப்படித் தெரியும்? பின் ஒழுங்கை றஞ்சிதம் டீச்சரின் மருமகனை வீட்டில் எட்டு டோர்ச் பற்றரி இருந்ததற்கு, குண்டு செய்யவாம் என்று கொண்டுபோனார்கள், மூன்று மாதம், இன்னும் விடவில்லை, எட்டுப் பற்றரிக்கே அப்படியென்றால் எனக்கு என்ன, என்னோடு தம்பியையும் அல்லவா அள்ளிக்கொண்டு போவார்கள்? அதைவிட, இந்தப் பிஸ்டல் யாருடைய நெஞ்சுக்கு நேரே நீளும், எங்கள் பிள்ளைகளுடைய நெஞ்சுக்குத்தானே, இறுகட்டும், நல்லாய் இறுகட்டும். இறுகிய நேரம் எதிரில் ஒருவன் துவக்கோடு நின்றால்? குருநாகலில் எண்ணெய் காய்ச்சி அனுப்புகிற அந்தத் தாய்? ஐயோ, எந்தப் பக்கத்தை நினைப்பேன் நான்?

"கிரீஸ் எப்பா, மாத்தயா." வேண்டாம் என்று நானா சொன்னேன்? என் வாய்தான். கையும் சும்மா இருக்கவில்லை, வெறும் மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்தது, மெஷின் எண்ணெய் மூன்று மூடி, எஞ்சின் ஒயில் ஒரு மூடி, குலுக்கியது. பழையதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும், பிறகு உரசுகிற இடங்களில் மட்டும் ஒவ்வொரு துளி, மகசினுக்குள் போடவே கூடாது, தோட்டா கெட்டுவிடும்... சிங்களத்தில் மளமளவென்று வருகிறது, பதினான்கு வருஷம் எங்கே கிடந்தது இவ்வளவும்? மண்ணெண்ணெயும் பழந்துணியும் நானே எடுத்துக் கொடுத்தேன். அவன் துடைத்தான், துளி விட்டான், இழுத்தான்.

சளக்.

கண் நிறைந்துவிட்டது, மண்ணெண்ணெய் மணம் என்று சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். அவன் பிஸ்டலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். "அக்கே, ஓயா கொஹொமத தன்னே?" எப்படித் தெரியும் உனக்கு... கேட்டுவிட்டான். வீட்டுக்காரர் தையல் மெஷின் திருத்தினவர், மாத்தயா, என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள், கோப்பை வாங்கின உங்களைக் கடைசியில் மெஷின் திருத்தவும் விட்டேன். அவன் மகசினைத் திரும்பச் செருகினான், நம்பினானோ நம்பவில்லையோ, பிறகு சிரித்தான். சாவடியில் இன்னும் நாலு பேருக்கு இதே கரைச்சல், நாளைக் காலை அவர்களையும் கூட்டி வருகிறேன், நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

எதற்கு வரப்போகிறான், எண்ணெய்க்கா, என்னைக் கொண்டுபோகவா? தம்பி வந்தால் என்ன சொல்லுவேன்? நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட வேண்டும், அதுதான் புத்தி, அல்லது முதல் பஸ்ஸில் எங்கேயாவது... பயப்படத் தேடிப் பார்க்கிறேன், பயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை, ஆனால் அதற்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது, என்ன கறுமம் இது என்று பார்த்தால், சந்தோஷம். நாலு துவக்கும் நாளைக்கு யாரைப் பார்த்து நீளும் என்று தெரிந்தும், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?