மூன்று இட்லி

நெல் மூட்டையை முதுகில் வாங்கியபோதுதான் என் தம்பி நவநீதனுக்கு அந்த வலி வந்தது. குத்தல் இல்லையாம், துணியைக் கிழிப்பதுபோல நெஞ்சிலிருந்து முதுகுவரை கிழிகிறதாம். காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் பிய்ந்துவிட்டது, உடனே புதுச்சேரி போக வேண்டும், வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்றார்கள்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கையில், ஊசி போட்டதில் வலி கொஞ்சம் அடங்கியது.

"அண்ணே, பசிக்குது. என் மூட்டையில பாதிய நீ தூக்கியிருந்தா எனக்கு இது வந்திருக்குமா?"

விடிந்ததிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் வயிற்றில் போடவில்லை அவன். அவ்வளவு பெரிய ஆபரேஷனை வெறும் வயிற்றோடு எப்படித் தாங்குவான்? நர்ஸ் அந்தப்பக்கம் போன நேரம், வாசல் கடையில் வாங்கிவந்த மூன்று இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டேன்.

புதுச்சேரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஆஃப்ரின் கேட்டார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டாரு?"

"நேத்து ராத்திரிங்க."

உண்மையைச் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயம். அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதில் எழுத்துக் கற்றவன் நான். படிக்காமல் எதிலும் போடுவதில்லை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்காவது வரியில் இருந்தது: வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம், உயிர் போகலாம்.

உள்கதவை இரண்டு கையாலும் தட்டினேன். டாக்டர் வந்தார்.

"பொய் சொல்லிட்டேங்க. மூணு இட்லி ஊட்டுனேன். நாலு மணி நேரம் ஆயிருக்கும்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"இதுக்காக நிறுத்த முடியாது. நிறுத்துனா ரத்தக்குழாய் வெடிச்சிரும். வேற முறையில மயக்கம் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஒன்பது மணி நேரம் நடந்தது ஆபரேஷன். இன்று மூன்றாம் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் வாயில் குழாய்; மெஷின்தான் மூச்சு விடுகிறது.

"நுரையீரலுக்குள்ள எதுவும் போகலை" என்றார் டாக்டர். "ஆனா உடம்பைக் குளிர வச்சு, ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் தச்சாங்க. மயக்க மருந்தை நிறுத்தியும் இன்னும் முழிக்கலை. கூப்பிட்டுப் பாருங்க."

"நவநீதா."

அவன் கையை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இனிமே பாதி மூட்டை நான் தூக்குறேன்டா."

விரல்கள் நான் வைத்தபடியே கிடந்தன. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து நின்றார்.

"இன்னும் ஒருதடவை கூப்பிட்டுக்கிறேங்க" என்றேன்.