பாதி இழைப்புளி

ஐப்பசி மழை. தார்ப்பாயில் தேங்கி, ஓரமாய் வழிந்து, கீழே விரித்த சாக்கின்மேல் விழுகிற மழை.

சாக்கு நிறையத் துருப்பிடித்த இரும்பு. துரு கரைந்து பானக நிறத்தில் ஓடியது. ஞாயிற்றுச் சந்தையில் அதை மிதிக்காமல் நடக்க இடமில்லை.

நான் மழைக்கு ஒதுங்கியவள். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். சுத்தியலைக்கூட ஒழுங்காய்ப் பிடித்ததில்லை.

சாக்கின் ஓரத்தில் ஒரு மரக்கட்டை. நடுவில் ஒரு வாய். வாய்க்குள் ஒரு ஆப்பு. பலகையைச் சீவி வழவழப்பாக்குகிற இழைப்புளி என்றார் கடைக்கார சேகனா பாய். அலகு இல்லை. மரத்தைச் சீவுகிற அந்த இரும்புத் தகடுதான் இழைப்புளிக்கு உயிர். அது இல்லை.

சும்மாதான் குனிந்து எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதைக் கீழ வைங்க டீச்சர். பொம்பளையளுக்கு இழைப்புளி எதுக்கு? தோசை சுடவா?"

குத்தாலிங்கம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பழைய கைச்சாமான் பொறுக்குகிறவர். அவர் மகனுக்குக் கணக்கு வரவழைத்தவள் நான். அந்த நன்றிகூட இல்லாத வாய்.

வாங்கிவிட்டேன். வீம்புக்கு. சத்தியமாய் வீம்புக்கு.

வீட்டில் அழுக்கைத் துடைத்தபோது கட்டையின் நெற்றியில் ஒரு குறி தெரிந்தது. மூன்று புள்ளி, ஒரு பிறை. வேலை செய்யும் இடத்தில் சாமான் மாறிவிடக் கூடாதென்று ஆசாரிமார் கட்டையிலும் அலகிலும் தங்கள் குறியை வெட்டி வைப்பார்களாம். அடுத்த ஞாயிறு கட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது பாய்தான் சொன்னார்.

குத்தாலிங்கம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு அலகு. மூன்று புள்ளி, ஒரு பிறை.

"நாலு வருசமா இதுக்குக் கட்டை தேடுதேன். கண்ணுல பட்ட அன்னைக்கே நீங்க தூக்கிட்டுப் போயிட்டிய."

"அலகை எனக்குக் குடுங்க அண்ணாச்சி."

"கட்டையை எனக்குக் குடுங்க."

"மாட்டேன்."

"அப்பம் போங்க."

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். பகையில் பிடித்த பைத்தியம்.

உளி வாங்கினேன். அரம் வாங்கினேன். பிடி உடைந்த ரம்பம் வாங்கினேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், உப்புத்தாள் போட்டேன், தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் ரேகை அழிந்தது.

துரு விலகும். அடியில் ஒரு கோடு இரும்பு மினுங்கும். அந்த நேரம் எனக்கு மூச்சே நின்றுபோகும். கழுத்தில் தாலி ஏறியபோதுகூட இந்தச் சந்தோஷம் இல்லை. ஆமாம், இல்லை.

ஆனாலும் நாற்பது சாமான் சேர்ந்த பிறகும் என் மனசு அந்த ஒற்றை அலகில் கிடந்தது. அது மட்டும் வேண்டும். அது வந்தால் போதும்.

வாராவாரம் குத்தாலிங்கம் துணியை விலக்கிக் காட்டுவார். போன வாரத்தைவிட அலகு மினுங்கும். முகம் பார்க்கலாம். எனக்கு வயிறு எரியும்.

வீட்டுக்கு வந்து கட்டையைத் தேய்ப்பேன். வாயின் உள்சுவரை, ஆப்பு உட்காரும் பள்ளத்தை, ஆப்பை. அடுத்த வாரம் கூடையில் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன். அவர் முகம் கறுக்கும். திங்கட்கிழமை மனுஷன் சாணைக்கல்லே கதியென்று கிடப்பார். எனக்குத் தெரியும்.

மழை. வெயில். ஆனிக் காற்று. மறுபடி மழை. அவர் தேய்த்தார். நான் தேய்த்தேன். ஆறு வருஷம்.

இந்த ஐப்பசியில் ஒரு காலை, குடை மடக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். ஈரத்தில் நடுங்கினார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"ஒரே ஒரு தடவை பொருத்திப் பாப்போம் டீச்சர். ஒரு சுருள் விழட்டும். பொறவு அவுகவுக சாமானை எடுத்துக்கிடுவோம்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒரு தேக்குப் பலகையை இதற்காகவே ஆறு வருஷமாய் ஒதுக்கி வைத்திருந்தவள் நான். எடுத்து மேஜையில் போட்டேன்.

அவர் அலகை வாய்க்குள் இறக்கினார். நான் ஆப்பைச் செருகித் தட்டினேன். குறியும் குறியும் ஒன்றன்கீழ் ஒன்றாய் நின்றன.

பலகையில் வைத்துத் தள்ளினேன்.

அலகு ஆடியது. சரிந்தது. ஆப்போடு நழுவித் தரையில் விழுந்தது.

மறுபடி பொருத்தினோம். மறுபடி விழுந்தது. அவர் அலகை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. நான் கட்டையைப் பார்த்தேன். வாய் அகன்றிருந்தது. பள்ளம் தேய்ந்திருந்தது. ஆப்பு பாதியாய் இளைத்திருந்தது.

"ஏன் இப்படிப் போட்டுத் தேய்ச்சிய?" என்று கத்தினார்.

"நீங்க தேய்க்கலையா? உங்களைப் பாத்துத்தானே நான் தேய்ச்சேன்!"

இடைவெளியில் ஒரு மரச்சக்கையைச் செருகி இறுக்கினால் நிற்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். சக்கை வைத்த சாமானைச் சந்தையில் கண்டால் இரண்டு பேருமே காறித் துப்புகிறவர்கள். அதனால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆள் முன்னால் அழுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அலகை மேஜையில் வைத்தார். துணியை மட்டும் மடித்துப் பையில் போட்டார். குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் வாசல் கேட் வரைக்கும் நனைந்துகொண்டே ஓடினேன்.

"அண்ணாச்சி! உங்க சாமானை எடுத்துட்டுப் போங்க!"

அவர் திரும்பவில்லை.

"அது என் சாமான் இல்ல டீச்சர். என் சாமான் தேஞ்சு போச்சு."

என் சாமானும்தான். கேட்டைப் படாரென்று அறைந்து சாத்தினேன்.